ரிப்பன் கட்டிய கஞ்சி அண்டா

நான் சமூக சேவகன் ஆனது ஒரு கரண்டியால். அதுவும் என் கரண்டி இல்லை, அழகுத்தாயின் கரண்டி. "செத்த பிடிங்க அண்ணாச்சி, தண்ணி எடுத்துட்டு வாரேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் குடத்தோடு திரும்பி வருவதற்குள் நான் தொண்டன் ஆகிவிட்டேன்.

ராக்கப்பன் அளக்கிறான் என்று நினைப்பீர்கள். நினைப்பதில் தப்பில்லை. ராஜபாளையத்து மில்லில் நூல் இழுத்தே நரைத்தவன் நான். எந்த விஷயத்தையும் கொஞ்சம் இழுக்காமல் எனக்குச் சொல்ல வராது. ஆனால் இந்த விஷயத்தில் இழுப்பதற்கு அவர்கள் எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

என் தங்கை முத்துப்பேச்சியின் வீட்டுக்காரர் பொன்னுராஜ், காலில் ஆறாத புண்ணோடு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். சர்க்கரை வியாதி. புண் ஆறுகிற வரை ஊசி போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் தினமும் காலையில் துணைக்குப் போவேன். துணை என்றால், அவருக்கு வாங்குகிற கஞ்சியில் பாதியை நான் குடிப்பது.

கஞ்சி ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் கிடைக்கும். அழகுத்தாயும் சௌதாவும் காய்ச்சி ஊற்றுவார்கள். அழகுத்தாய் மில்லில் நூலைக் கோனில் சுற்றியவள். சௌதாவின் வீட்டுக்காரருக்குப் பஞ்சு மார்க்கெட் பக்கம் செருப்புக்கடை. இரண்டு பேரும் எப்போதோ பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் துணையிருந்த வகையில் பழக்கம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சுவார்களே, பருப்பும் பூண்டும் வெந்தயமும் போட்டு, அந்தக் கஞ்சியை வருசம் முழுக்கக் காய்ச்சினால் என்ன என்று சௌதாவுக்குத் தோன்றியிருக்கிறது. அழகுத்தாய்க்கு விறகு எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்கிறது. வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். பெயர் கேட்டால் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

வார்டில் நர்ஸ் ஷெரின் சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி போடுகிற நேரமும், கஞ்சி மூடி திறக்கிற நேரமும் ஒன்று. ஊசி போட்டால் உடனே வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும். இல்லையென்றால் வேர்த்து நடுங்கி ஆளை மயக்கிவிடும். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஜன்னல் வழியாகக் கஞ்சி வரிசையைப் பார்த்துவிட்டு ஊசியை எடுப்பாள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, குடிப்பதைத் தவிர.

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் பெயர் ஜோயல். தாயுள்ளம் தொண்டர் பேரமைப்பின் செயலாளர். பேரமைப்பின் ஆபீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை மாடியில் இருந்தது. தொண்டு செய்வது அவர்கள் வேலை இல்லை. தொண்டு செய்கிறவர்களைப் பாராட்டுவது அவர்கள் வேலை. நம் பக்கத்தில் பாராட்ட விரும்புகிறவர்கள் அதிகம், செய்கிறவர்கள் கம்மி. ஆகவே அடிக்கடி ஆள் பஞ்சம் வந்துவிடும். அந்த மாதம், ரத்தம் கொடுக்கிற ஒருவரைத் திரும்பவும் பாராட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர், ரத்தம் வேண்டுமானால் இன்னொரு பாட்டில் தருகிறேன், மேடைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார். மண்டபம் பிடித்தாயிற்று, மைக் சொல்லியாயிற்று, ஆள் இல்லை. ஜோயல் ரோடு ரோடாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

போனை எடுத்துப் படம் பிடித்தார். எத்தனை வருசமாக ஊற்றுகிறேன் என்று கேட்டார்.

"இப்பத்தான் தம்பி. அந்தம்மா தண்ணி எடுக்கப் போயிருக்கு. நான் குடிக்க வந்த ஆளு."

ஜோயலுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தன்னடக்கத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார்.

அழகுத்தாய் குடத்தை இறக்கியதும் நான் அவளைக் காட்டினேன். ஜோயல் அவளிடமும் பேசிப் பார்த்தார். விழா, மேடை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று காதில் விழுந்ததும் அவள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்களுக்கு வேலை கெடக்கு. அண்ணாச்சி சும்மாத்தான் நிக்காவ. அவியளக் கூட்டிட்டுப் போங்க."

போயிருக்கக் கூடாதுதான். ஆனால் விருந்தில் பால்கோவா உண்டு என்று ஜோயல் சொல்லிவிட்டார்.

பேரமைப்பின் தலைவர் சௌந்தரபாண்டியன், பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற முதலாளி. நல்ல மனிதர். யாரையாவது பாராட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. மேடையில் அவருடைய ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு எனக்கு நாற்காலி இல்லாமல் போயிற்று. பாராட்டு முடிகிற வரை நின்றேன். அதையும் தன்னடக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

தலைவர் பேசியது எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"தொண்டு செய்வது எளிது, அன்பர்களே. ஓர் அடுப்பும் ஓர் அண்டாவும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அதைப் பாராட்டுவதற்கு மண்டபம் வேண்டும், மாலை வேண்டும், மேடையில் உட்கார நாங்கள் வேண்டும். இந்தச் சிரமம் வெளியே தெரிவதில்லை. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் பசி இருக்கிற வரை எங்கள் பேரமைப்பு இருக்கும். பேரமைப்பு நீடூழி நிலைத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் ஆண்டவனை வேண்டிக்கொள்ளுங்கள்."

எல்லோரும் வேண்டிக்கொண்டோம். நானும்தான்.

பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். நான் கஞ்சி குடிக்கிறவன்தான், ஊற்றுகிறவன் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். கைதட்டல் அடங்கவே இல்லை. ஏழையின் தட்டைத் தன் தட்டாக நினைக்கும் உள்ளம் என்று ஜோயல் விளக்கம் சொன்னார். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் வேறு மண்டபம், வேறு பொன்னாடை. அதற்கடுத்தும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு மேடையிலும் உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பெருமை ஏறியது. கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் ஊற்றுகிறேனோ? ஒரு நாள் வீட்டில் குழம்புக் கரண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். முத்துப்பேச்சி அப்போது வந்துவிட்டாள். பானையிலிருந்து தண்ணீர் மோந்து குடிக்கத் தெரியாத ஆளுக்குக் கரண்டி எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பெருந்தன்மையாக ஒரு பொன்னாடையை அழகுத்தாய்க்குக் கொடுத்தேன், சூட்டோடு அண்டாவை இறக்கப் பிடிதுணியாக இருக்கட்டும் என்று. பிடித்த மாத்திரத்தில் உருகி அண்டாவின் காதோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குச் சௌதா அதைக் கத்தியால் சுரண்டி எடுத்ததுதான் மிச்சம்.

இதற்குள் எனக்கு முதன்மைத் தொண்டர் என்று ஒரு பதவியும், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் வந்திருந்தன. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஓர் ஏசி ஹாலில் தொண்டர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். பயிற்றுநர் நான். கரண்டி முகத்தை மறைக்கக் கூடாது. வாங்குகிறவர் குனிந்தும் ஊற்றுகிறவர் நிமிர்ந்தும் இருக்க வேண்டும். ஊற்றும்போது கண் அண்டாவில் இருக்கக் கூடாது, கேமராவில் இருக்க வேண்டும். இதையெல்லாம் ஜோயல் எனக்கு முந்தின நாள் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரிய சிக்கல் ஆவிதான். சுடு கஞ்சியிலிருந்து எழும்புகிற ஆவியில் தலைவர்களின் முகம் மங்கிவிடுகிறதாம். ஆவி வராத கஞ்சி சாத்தியமா என்று ஒரு துணைத்தலைவர் கேட்டார். காலி அண்டாவை வைத்துப் பழகினோம், பிரமாதமாக வந்தது.

அழகுத்தாயையும் சௌதாவையும் வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். விடியலுக்கு முன்னாலேயே எழுந்த உடம்பு, ஏசி பட்டதும் அழகுத்தாய் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். தொண்டர்களுக்குத் தியானம் எவ்வளவு முக்கியம் என்று ஜோயல் அவளைக் காட்டிப் பேசினார். கடைசியில் சந்தேகம் கேட்கலாம் என்றதும் சௌதா எழுந்தாள்.

"எல்லாஞ் சரி. நாளைக்குப் பூண்டு யாரு உரிக்க?"

பயிற்சிக் குறிப்பில் பூண்டு இல்லை. அடுத்த முகாமில் பார்க்கலாம் என்றேன்.

பாராட்டிப் பாராட்டிப் பேரமைப்புக்கு ஒரு கட்டத்தில் அலுத்திருக்க வேண்டும். கஞ்சிப் பணிக்கு நேரடியாகவே ஆதரவு தருவது என்று தீர்மானம் போட்டார்கள். தலைவரே வேப்பமரத்தடிக்கு வந்து, என்ன வேண்டும் என்று அழகுத்தாயிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"மழை பேஞ்சா வெறகு நனைஞ்சிருது. மேல ஒரு தகரம் போட்டுக் குடுங்க, போதும்."

கமிட்டி கூடிப் பேசியது. நானும் இருந்தேன். தகரம் படத்தில் எடுபடாது என்று ஒருவர் சொன்னார். அழகுத்தாய்க்குப் பெரிதாக யோசிக்கத் தெரியவில்லை என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். முடிவில் ஓர் அலங்கார வளைவும், மரத்தை மறைக்கிற அகலத்துக்கு ஒரு பிளக்ஸும், புது அண்டா ஒன்றும் கொடுப்பதாக ஏற்பாடாயிற்று. பிளக்ஸில் யார் முகத்தைப் போடுவது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தகரத்தை மறந்துவிட்டேன்.

வருசக்கணக்காக நடக்கிற கஞ்சிக்கு மேடை போட்டுத் திறப்புவிழா வைத்தார்கள். மதுரையிலிருந்து சிறப்பு விருந்தினர் வருவதாக ஏற்பாடு. காலையில் வழக்கம்போல அழகுத்தாயும் சௌதாவும் காய்ச்சி இறக்கிவிட்டார்கள். புது அண்டா. சுற்றிலும் பேரமைப்புப் பொறுப்பாளர்களின் பெயர்கள். மூடியோடு சேர்த்து அண்டாவைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டி, மேலே ஒரு பூப்போல முடிச்சுப் போட்டிருந்தார் ஜோயல். பக்கத்தில் தட்டில் கத்தரிக்கோல்.

மூடியைத் திறக்கப் போன சௌதாவின் கையை ஜோயல் மெதுவாக விலக்கினார். விருந்தினர் வெட்டாமல் எப்படித் திறப்பது என்றார். எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடையையும், படத்தில் பின்னால் அசிங்கமாகத் தெரிகிறது என்று அன்று சாத்தச் சொல்லியிருந்தார்கள்.

தூக்குவாளிகளோடு வரிசை வளர்ந்துகொண்டே போயிற்று. விருந்தினர் வரவில்லை. வருகிற வழியில் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் திறந்துவைக்க இறக்கிவிட்டார்களாம். அந்தத் தொட்டியில் ஏற்கெனவே மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தனவாம். மாடுகளை ஓட்டிவிட்டுத் திறப்பதற்கும், திறந்த பிறகு அதே மாடுகளைத் திரும்ப ஓட்டி வருவதற்கும் நேரம் ஆகிறதாம். ஜோயல் போனில் கேட்டு மைக்கில் சொன்னார்.

முத்துப்பேச்சி வார்டிலிருந்து ஓடி வந்தாள். ஷெரின் ஜன்னலில் வரிசையைப் பார்த்திருக்கிறாள். ஆட்கள் வரிசையில் நின்றால் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்றுதானே கணக்கு? ஊசி போட்டுவிட்டாள்.

"அண்ணே, அவியளுக்கு ஊசி போட்டாச்சு. கஞ்சிய எங்க?"

நான் ஜோயலைப் பார்த்தேன். ஜோயல் ரிப்பனைப் பார்த்தார். அண்டாவில் என் பெயர் எழுதின பக்கம் என்னைப் பார்த்தபடி இருந்தது. அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை நான் சொல்லாமல் வேறு யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கதையில் நான் கொஞ்சம் நன்றாக இருந்திருப்பேன்.

"செத்த நேரம் பொறு, பேச்சி. விருந்தினர் வந்துருவாரு."

அவள் என் பேட்ஜைப் பார்த்தாள். பிறகு வார்டைப் பார்த்துத் திரும்பி ஓடினாள்.

அழகுத்தாய் இடுப்பில் கைவைத்து நின்றாள். கஞ்சி குடிக்க ரிப்பன் எதுக்கு என்று தலைவரிடமே கேட்டாள். தலைவர் கோபப்படவில்லை. ஒழுங்கில்லாமல் பசி ஆற்றினால் அது வெறும் சாப்பாடு, ஒழுங்கோடு ஆற்றினால்தான் தொண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சக்கர நாற்காலி தெரிந்தது. தள்ளிக்கொண்டு வந்தது ஷெரின். பக்கத்தில் முத்துப்பேச்சி. பின்னால் வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும். நாற்காலியில் பொன்னுராஜ். மச்சான் மேடையேறுவதை வாசலிலிருந்தாவது பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடிவாதமாக வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மேளக்காரர்களுக்கு ஜோயல் சொல்லிவைத்திருந்தது இவ்வளவுதான்: வெள்ளைச் சட்டை, சுற்றிலும் ஆள் கூட்டம், அதுதான் விருந்தினர், கண்டவுடன் அடித்துவிட வேண்டும். அவர்கள் அடித்துவிட்டார்கள்.

பேரமைப்பில் யாருக்கும் விருந்தினரின் முகம் தெரியாது. எத்தனையோ விழாப் படங்களில் அவரோடு நின்றிருக்கிறார்கள். ஆனால் படம் கைக்கு வந்தால் ஒவ்வொருவரும் தன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிற வழக்கம். மேளம் அடித்ததும் எழுந்தார்கள். தலைவர் இறங்கிப் போய்ப் பொன்னுராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார். உடம்புக்கு முடியாத நிலையிலும் நர்ஸோடு வந்திருக்கிறாரே என்று ஜோயல் உருகிப்போனார்.

நான் தலைவரின் காதில் சொன்னேன், அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர் என்று.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? இவ்வளவு பெரிய சொந்தத்தை இத்தனை நாள் வெளியே சொல்லவே இல்லையே நீங்கள்!"

என் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. அதற்கு மேல் உண்மையைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

பொன்னுராஜின் வாயருகே மைக்கைக் கொண்டுபோனார்கள். உதடு வெளுத்திருந்தது. கை அடித்துக்கொண்டிருந்தது. அவர் பேசியதுதான் பேரமைப்பின் சரித்திரத்திலேயே சின்னப் பேச்சு.

"கஞ்சிய ஊத்துங்கய்யா. கண்ணக் கட்டுது."

பலத்த கைதட்டல். தலைவர் மைக்கை வாங்கி, விருந்தினர் சொன்ன அந்த ஒரு வரியின் ஆழத்தை விளக்க ஆரம்பித்தார். ஏழையின் குரலிலேயே பேசியிருக்கிறார், கண்ணைக் கட்டுகிறது என்பது சமுதாயத்தின் அறியாமை என்று போய்க்கொண்டிருந்தார். அழகுத்தாய் காத்திருக்கவில்லை. தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பொன்னுராஜின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கைக்குள் பிடித்து, ரிப்பனை ஒரே வெட்டாக வெட்டினாள். சௌதா மூடியைத் தூக்கினாள். ஆவி பொங்கி எழுந்து மேடையே தெரியாமல் போயிற்று. அந்த மங்கலுக்குள் சௌதா கஞ்சியை டம்ளரில் ஆற்றி ஊதி ஊதிக் கொடுக்க, முத்துப்பேச்சி அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். ஷெரின் நாடியைப் பிடித்தபடி நின்றாள். இரண்டாவது டம்ளர் பாதியில் பொன்னுராஜ் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"மச்சான், உங்க பேச்சு முடிஞ்சிருச்சா? நான் பாக்கலையே."

நான் பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீரமாக அல்ல. முத்துப்பேச்சி பார்க்கிறாளே என்றுதான்.

அப்புறம் வரிசை மளமளவென்று நகர்ந்தது. கத்தரிக்கோலைச் சௌதா ஊறுகாய்ப் பாக்கெட் வெட்ட எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் அவளிடம்தான் இருக்கிறது.

அசல் விருந்தினர் வந்து சேர்ந்தபோது அழகுத்தாய் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேரமைப்பு ஒரு கணம்தான் தடுமாறியது. அவளை வெளியே இழுத்துவிட்டு, வெட்டின ரிப்பனை முடிச்சுப் போட்டு, மூடியை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். விருந்தினர் வெட்டினார். காலி அண்டாவில் கரண்டியை விட்டு, பொறுப்பாளர்கள் குனிந்து நீட்டின தட்டுகளில் ஒவ்வொன்றாக ஊற்றினார். அவர்களும் பயபக்தியோடு வாங்கிக் குடித்தார்கள். இந்தக் கஞ்சியின் மணம் மதுரை வரைக்கும் வீசுகிறது என்று பேசினார். ஆவி இல்லாததால் எல்லோர் முகமும் துல்லியமாக விழுந்தது. பேரமைப்பு எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்கிறார்கள். ஆபீஸில் மாட்டியிருக்கிறது, பால்கோவா வாங்கப் போனால் ஏறிப் பார்க்கலாம்.

திறந்துவைத்துவிட்டபடியால் அவர்களுக்கு அங்கே வேறு வேலை இல்லாமல் போயிற்று. வாடகை வளைவைச் சாயங்காலமே கழற்றி ஏற்றிப் போனார்கள். இப்போது பிளவக்கல் பக்கம், மரம் நடுகிற ஒருவரைக் கண்டுபிடித்திருப்பதாகக் கேள்வி. அவருக்காக வருத்தப்படுகிறேன். மரங்களுக்காகவும்.

பொன்னுராஜ் புண் ஆறி வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் இனிச் சோலி இல்லை என்றாலும், கஞ்சிப் பழக்கம் விடவில்லை. காலையில் கால் தானாகப் போய்விடுகிறது. ஒரு நாள் அழகுத்தாய் பழையபடி கரண்டியை நீட்டி, தண்ணி எடுத்து வாரேன் என்று போனாள். முன்னால் ஒரு பெண் தூக்குவாளியை நீட்டினாள். நான் மோந்தேன். நிமிர்ந்தேன். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிச் சிரித்தேன். கஞ்சி முழுக்க என் காலில் விழுந்தது.

"வாளியப் பாத்து ஊத்துங்க, அண்ணாச்சி" என்றாள் சௌதா, பூண்டு உரித்தபடி. "ரோட்ல யாரும் இல்ல."

அன்றிலிருந்து என்னைப் பூண்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

தகரம் இன்னும் வரவில்லை. பிளக்ஸைப் பேரமைப்பு மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தது. அழகுத்தாய் அதை நாலாக மடித்து, என் முகம் மேலே வருகிற மாதிரி விறகுக் கட்டின்மேல் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்திருக்கிறாள். ஒரு கல் என் நெற்றியில் இருக்கிறது. நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் நான் போனபோது அவள் என் முகத்தைத் தூக்கி அடியில் கையை விட்டு விறகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நனையல" என்றாள்.

எத்தனையோ மேடைகளில் என்னைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் மெய்யானது அந்த ஒரு சொல்தான்.